மதீனாவின் காய்ச்சலும் பஸராவின் கட்டிலும்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ சென்று வந்தவர்களுக்கு ‘ரமல்’ என்னும் சொல் தெரிந்திருக்கும். மக்காவை அடைந்ததும் செய்யும் தவாஃபில், முதல் மூன்று சுற்றுகளை ஆண்கள் தோள்களை அசைத்து, அடிகளை நெருக்கி வைத்து, விரைந்து நடப்பார்கள். எஞ்சிய நான்கு சுற்றுகளை இயல்பான நடையில் நிறைவு செய்வார்கள். எதற்காக இந்த வேகம் என்று கேட்டால் ‘சுன்னத்’ என்று கூறி நிறுத்திக்கொள்கிறோம். சுன்னத்தான். ஆயினும் அந்தச் சுன்னத்தின் பிறப்பில் ஒரு நோயின் வரலாறு அடங்கியிருக்கிறது.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 629), முந்திய ஆண்டு ஹுதைபியாவில் தடுக்கப்பட்ட உம்ராவை நிறைவேற்ற நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் மக்காவுக்குள் நுழைந்தார்கள். குறைஷிகள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யஸ்ரிபின் காய்ச்சல் தின்று தீர்த்த கூட்டம் ஒன்று வருகிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அப்பேச்சு நபியவர்களுக்கு எட்டியது. முதல் மூன்று சுற்றுகளில் விரைந்து நடக்கும்படி தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். குறைஷிகளின் கண்ணுக்கு மறைவாக இருந்த இரு மூலைகளுக்கு இடையே மட்டும் சாதாரணமாக நடக்கலாம் என்றார்கள். இதை அறிவிக்கும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு வார்த்தை சேர்க்கிறார்கள்: ஏழு சுற்றுகளையும் விரைந்து நடக்கச் சொல்லாததற்குக் காரணம், தோழர்கள் மீது கொண்ட இரக்கமே.

அந்த இரக்கத்தை நாம் கவனிக்கத் தவறுகிறோம். ஹிஜ்ரத் நடந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அப்போதும் முஹாஜிர்களின் உடல் நோயுற்ற உடல் என்ற பெயர் மக்காவில் நிலைத்திருந்தது. அந்தப் பெயரைப் பொய்யாக்க மூன்று சுற்றுகள் போதும், அதற்கு மேல் அவர்களை வருத்த வேண்டாம் என்று நபியவர்கள் கருதினார்கள். பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், இணைவைப்பாளர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்தோம், அல்லாஹ் அவர்களை இல்லாமலாக்கிவிட்டான், இனி ரமல் எதற்கு என்று எண்ணினார்கள். பின்பு, நபியவர்கள் செய்த ஒன்றைக் கைவிட விரும்பவில்லை என்று கூறிவிட்டார்கள். அவ்வாறே அது இன்றளவும் தொடர்கிறது.

ஹிஜ்ரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் குகையைப் பேசுகிறோம், சிலந்தி வலையைப் பேசுகிறோம், அன்ஸாரிகளின் விருந்தோம்பலைப் பேசுகிறோம். தண்ணீர் மாறி, காற்று மாறி, உடல் தளர்ந்து படுக்கையில் விழுந்த முஹாஜிர்களைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். மீலாது மேடைகளில் அது அறவே இடம்பெறுவதில்லை.

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவிலேயே அந்த வர்ணனை வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில், வறண்ட மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர். வெப்பம் கடுமையானது என்றாலும் தேங்கி நிற்கும் நீர் அங்கு இல்லை. மதீனா அதற்கு நேர்மாறு. சுமார் 600 மீட்டர் உயரத்தில், கிழக்கிலும் மேற்கிலும் கருங்கல் எரிமலைப் பாறை வெளிகள் சூழ, நடுவே பேரீச்சந்தோப்புகளும் கிணறுகளும் நீரோடைகளுமாக இருந்த விளைநிலம். குளிர்காலத்தில் மக்காவாசிகள் அறியாத குளிர் அங்கு உண்டு. பேரீச்சை மரத்துக்கு நீர் வேண்டும். நீர் நின்றால் அதனோடு வேறு சிலவும் வந்து சேரும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை மிகத் தெளிவாகவே கூறியிருக்கிறார்கள். தாங்கள் வந்து சேர்ந்தபோது அல்லாஹ்வின் பூமியிலேயே நோய் மிகுந்த இடமாக மதீனா இருந்தது என்றும், புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன நீர் ஓடிக்கொண்டிருந்தது என்றும் அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நோயையும் கெட்ட நீரையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொன்ன அக்கூற்றை எண்ணி வியக்கிறோம். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான்.

மதீனாவின் காய்ச்சல் மலேரியாவாக இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஹதீஸ்களில் வரும் அடையாளங்கள் அதற்குப் பொருந்தியே இருக்கின்றன. காய்ச்சல் வரும், உடலை உலுக்கும், விடும், மீண்டும் வரும். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிறு வயது முதலே அந்நோயோடு பழகிய உடல் அமைந்துவிடுகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் கவசம் இல்லை. அன்ஸாரிகள் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்க, முஹாஜிர்கள் பாயில் சுருண்டு கிடந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். ஈமானின் வலிமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. விழுந்தவர்களில் அபூபக்ர் (ரலி) அவர்களே இருந்தார்கள் அல்லவா!

அபூபக்ர், பிலால், ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆகிய மூவரும் ஒரே வீட்டில் காய்ச்சலில் கிடந்தார்கள். ஹிஜாபின் சட்டம் இறங்குவதற்கு முந்திய காலம் அது. ஆயிஷா (ரலி) அவர்கள் உள்ளே சென்று தந்தையிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். பிலாலிடமும் விசாரித்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள், மரணம் செருப்பு வாரை விடவும் நெருக்கத்தில் இருக்கிறது என்ற கருத்தமைந்த ஒரு கவிதையை மொழிந்தார்கள். பிலால் (ரலி) அவர்களோ, காய்ச்சல் சற்று விட்டதும் குரலை உயர்த்தி மக்காவை நினைத்துப் பாடினார்கள். மக்காவின் பள்ளத்தாக்கில் இன்னொரு இரவைக் கழிக்க முடியுமா, அதன் வாசனைப் புல்லைச் சுற்றிலும் காண முடியுமா, அதன் சுனையில் நீர் அருந்த முடியுமா, அதன் மலைகள் கண்ணில் படுமா என்பதே அப்பாடலின் பொருள்.

சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. பிலால் (ரலி) அவர்களுக்கு மக்கா என்ன செய்தது? சுடுமணலில் கிடத்தியது. மார்பில் பாறையை ஏற்றியது. கழுத்தில் கயிறு கட்டி இழுத்தது. அந்த ஊரையா அவர்கள் ஏங்கினார்கள்? ஆம், அந்த ஊரைத்தான். காய்ச்சலில் கிடக்கும் உடல் தனக்குப் பழகிய காற்றையும் நீரையும் தேடுகிறது. அங்கு நடந்த கொடுமைகளை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் இந்நிலையை நபியவர்களிடம் தெரிவித்தார்கள். ஹிஜ்ரத் செய்துவிட்டு மக்காவை நினைத்து ஏங்கலாமா என்று நபியவர்கள் கண்டிக்கவில்லை. துஆ செய்தார்கள். மக்காவை நாங்கள் நேசிப்பது போல, அல்லது அதைவிடக் கூடுதலாக, மதீனாவை எங்களுக்கு நேசத்திற்குரியதாக்கு என்பது முதல் வேண்டுதல். அதன் அளவைகளான ஸாஉவிலும் முத்துவிலும் பரக்கத் வேண்டினார்கள். அவ்வூரை உடல்நலத்துக்கு உகந்ததாக்கித் தரவும், அதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு அகற்றிவிடவும் வேண்டினார்கள். நேசம், உணவு, உடல்நலம் என்ற அவ்வரிசையைக் கவனியுங்கள். புது ஊரில் நோயாளியாக வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். ஊரை வெறுத்துக்கொண்டே அங்கு உடல் தேறுவது மிகக் கடினம்.

ஆயிஷா (ரலி) அவர்களையும் அக்காய்ச்சல் விட்டுவைக்கவில்லை. காய்ச்சலில் தலைமுடி கொட்டிப்போய், பின்னர் மீண்டும் வளர்ந்ததை அவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அவர்கள் படுத்திருந்த நாளில் அபூபக்ர் (ரலி) அவர்கள் வீட்டுக்குள் வந்து, மகளின் கன்னத்தில் முத்தமிட்டு, எப்படி இருக்கிறாய் மகளே என்று கேட்டதை, கூடவே வந்திருந்த பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்கள் பார்த்து அறிவித்திருக்கிறார்கள்.

தோழர்கள் பலரால் நின்று தொழ இயலவில்லை. நபியவர்கள் பள்ளிக்கு வந்தபோது அவர்கள் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்து தொழுபவருக்கு நின்று தொழுபவரின் கூலியில் பாதி என்று நபியவர்கள் கூற, அந்தப் பாதியையும் இழக்க மனமின்றி, தளர்ந்த உடலோடு பலர் எழுந்து நிற்க முயன்றார்கள் என்று இப்னு இஸ்ஹாக்கின் ஸீராவில் வருகிறது. இந்தச் செய்தியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு நோயாளிகளை எழுப்பி நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. அது முழுமையான படம் அன்று. சட்டத்தின் மறுபாதியைப் பெற்றுத் தந்தவர் வேறொரு நபித்தோழர். அவரிடம் பின்னர் வருவோம்.

காற்றும் நீரும் ஒத்துக்கொள்ளாமல் மதீனாவை விட்டு வெளியேற விரும்பியவர்கள் இருந்தார்கள். இரண்டு நிகழ்ச்சிகள் ஹதீஸ் நூல்களில் உள்ளன. நாட்டுப்புற அரபி ஒருவர் வந்து இஸ்லாத்தின் பேரில் பைஅத் செய்தார். மறுநாளே காய்ச்சல் கண்டது. என் பைஅத்தை ரத்துச் செய்யுங்கள் என்று மும்முறை கேட்டார். நபியவர்கள் மறுத்தார்கள். அவர் போய்விட்டார். மதீனா உலைக்களம் போன்றது, கசடை வெளியேற்றிவிடும் என்று அப்போது நபியவர்கள் கூறினார்கள். இதைப் படிப்பவர், உடல்நலம் கருதி ஊரை விட்டுப் போவதே குற்றம் என்று எண்ணிவிடக் கூடும். மற்றதையும் பார்க்க வேண்டும். உக்ல், உரைனா கூட்டத்தார் சிலர் வந்து இஸ்லாத்தைத் தழுவினர். மதீனாவின் சூழல் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நோயுற்றனர். தாங்கள் கால்நடை வளர்ப்போர், விளைநிலத்து மக்கள் அல்லர் என்றனர். நபியவர்கள் தாமே அவர்களை ஊருக்கு வெளியே ஒட்டகங்கள் மேயும் இடத்துக்கு அனுப்பி, ஒட்டகத்தின் பாலையும் சிறுநீரையும் மருந்தாகக் கொள்ளச் சொன்னார்கள். (சிறுநீர் குறித்த சட்ட விவாதம் நீண்டது. ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் அது அசுத்தமே. மருத்துவத் தேவைக்கான விதிவிலக்காகவே இதை ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்குகின்றனர்.) உடல் தேறியதும் அவர்கள் மேய்ப்பரைக் கொன்று, ஒட்டகங்களை ஓட்டிச் சென்று, தண்டனை பெற்றது தனிக்கதை. தண்டனை கொலைக்கும் துரோகத்துக்கும் உரியது. அவர்கள் இடம் மாறியது நபியவர்களின் அனுமதியோடு நடந்தது.

ஆக, முதலாமவர் கேட்டது வேறு. அவர் தம் உறுதிமொழியையே திரும்பக் கேட்டார். பின்னவர்கள் காற்று மாற்றம் கேட்டார்கள், அது கொடுக்கப்பட்டது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நுட்பம் இங்கு நம்மைக் கவர்கிறது. மருத்துவம் பற்றிய பகுதியில், தனக்கு ஒவ்வாத நிலத்தை விட்டு வெளியேறுபவருக்கென்றே தனிப் பாடம் அமைத்து, அதன் கீழ் உரைனாக் கூட்டத்தாரின் ஹதீஸைப் பதிந்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த பாடமே கொள்ளைநோய். கொள்ளைநோய் பரவிய ஊரிலிருந்து ஓடக் கூடாது, அவ்வூருக்குள் போகவும் கூடாது என்ற தடை அங்கு வருகிறது. ஒவ்வாத காற்றை விட்டு விலகுவது அந்தத் தடையில் சேராது என்பதை அவ்விரு பாடங்களின் வரிசையே சொல்லிவிடுகிறது.

நோயோடு பயணம் தொடங்கி, சேரிடம் காணாமல் போனவரும் உண்டு. மக்காவில் தங்கிவிட்ட முதியவர் ஒருவர் ஹிஜ்ரத்தின் வசனங்களைக் கேள்விப்பட்டபோது நோயாளியாக இருந்தார். பலவீனர்களுக்கு விலக்கு இருந்தும், என்னைத் தூக்கிச் செல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கூறினார். தன்ஈம் அருகே உயிர் பிரிந்தது. இன்று நாம் இரண்டாம் உம்ராவுக்கு இஹ்ராம் கட்டச் செல்லும் அதே தன்ஈம்தான், கஅபாவிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர். வீட்டை விட்டுப் புறப்பட்டவரை வழியில் மரணம் அடைந்தாலும் அவருக்குரிய கூலி அல்லாஹ்விடம் உறுதியாகிவிட்டது என்ற கருத்தமைந்த அந்நிஸா அத்தியாயத்தின் நூறாம் வசனம் அவரைக் குறித்தே இறங்கியது என்பர். அவர் பெயர் ளம்ரா என்றும் ஜுன்துப் என்றும் பலவாறாக அறிவிக்கப்படுகிறது.

ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நீளமானது. ஹஜ்ஜத்துல் வதாவின்போது, ஹிஜ்ரி 10இல், மக்காவில் கடும் நோயுற்றார்கள். எந்த ஊரை அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்றோமோ அதே ஊரில் மரணம் வந்துவிடுமோ என்ற அச்சம் நோயை விடப் பெரிதாக இருந்தது. நபியவர்கள் வந்து நெற்றியில் கைவைத்து, முகத்தையும் வயிற்றையும் தடவி, அவருடைய குணத்துக்காகவும் ஹிஜ்ரத் முழுமை பெறுவதற்காகவும் துஆ செய்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மரண சாசனம் செய்யக் கூடாது என்ற சட்டம் அந்தப் படுக்கை அருகில்தான் பிறந்தது. உம்மால் சிலர் பயன் பெறும் காலம் வரை நீர் வாழக் கூடும் என்றும் நபியவர்கள் கூறினார்கள். அந்தக் கையின் குளிர்ச்சியை இன்றும் உணர்கிறேன் என்று பிற்காலத்தில் ஸஅத் (ரலி) கூறுவார்கள். அந்நோய்க்குப் பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள்.

நலமாகவே வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கி.பி. 636 அளவில் நடந்த காதிஸிய்யாப் போரில் படைத்தளபதியான அவர்களால் குதிரையில் அமர முடியவில்லை. உடலெங்கும் கட்டிகள், அதோடு இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. கோட்டை ஒன்றின் மேல்தளத்தில் நெஞ்சின் கீழ் தலையணை வைத்துக் குப்புறப் படுத்தபடி, ஓலைகளில் கட்டளைகளை எழுதிக் கீழே அனுப்பிப் போரை நடத்தினார்கள். படைவீரர் ஒருவர் கேலிக்கவி பாடினார். தளபதி கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறார் என்ற பொருளில் அது பரவியது. ஸஅத் (ரலி) மக்களிடம் இறங்கி வந்து தம் உடலின் புண்களைக் காட்ட வேண்டியதாயிற்று. பாரசீகப் பேரரசை வீழ்த்திய தளபதிக்கே தாம் நோயாளிதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது! வெளியே தெரியாத நோயோடு வாழும் எத்தனை பேர் தம் வீட்டிலேயே இந்நிலைக்கு ஆளாகிறார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

அடுத்த ஆண்டு முஸ்லிம்கள் டைக்ரிஸ் நதிக்கரையில் இருந்த மதாயின் நகரில் குடியேறினார்கள். பாரசீக மன்னர்களின் தலைநகரம், மாளிகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பாலைவன அரபிகளின் உடல் மெலிந்தது, வயிறு ஒட்டியது, நிறம் மாறியது. மதீனா வந்த தூதுக்குழுவின் முகங்களைப் பார்த்ததுமே உமர் (ரலி) அவர்கள் என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். நிலத்தின் ஒவ்வாமையே காரணம் என்று பதில் வந்தது. அரபிகளின் ஒட்டகங்களுக்கும் ஆடுகளுக்கும் எந்த நிலம் ஒத்துக்கொள்ளுமோ அதுவே அரபிகளுக்கும் ஒத்துக்கொள்ளும், அத்தகைய இடத்தைத் தேடுங்கள் என்று ஸஅதுக்கு எழுதினார்கள். முதலில் பார்த்த அன்பாரில் ஈத்தொல்லை தாங்க முடியவில்லை என்று பலாதுரீ குறிப்பிடுகிறார். ஸல்மான் (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரும் யூப்ரடீஸின் இருபுறமும் தேடிச் சென்று, மணலும் சிறுகற்களும் கலந்த ஓரிடத்தில் சந்தித்து, இறங்கித் தொழுது துஆ செய்தார்கள். ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) அங்கு எழுந்த நகரம்தான் கூஃபா. ஹனஃபி மத்ஹபின் தாயகமான அந்நகரம், மக்களின் வெளிறிய முகத்தைக் கலீஃபா ஒருவர் உற்றுப் பார்த்ததால் உருவானது. மறு ஆண்டு ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோதும், தாழ்ந்த ஈர நிலத்தில் தங்கியிருக்கும் மக்களை உயர்ந்த, தூய காற்றுள்ள நிலத்துக்குக் கொண்டு செல்லும்படி அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு அவர்களே எழுதினார்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு செய்தி. ஹிஜ்ரி 8இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்பு கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து ஸுப்ஹு தொழுகையை முன்னின்று நடத்தினார்கள். செய்தி நபியவர்களிடம் போயிற்று. உங்களையே நீங்கள் மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற இறைக்கட்டளை நினைவுக்கு வந்தது என்று அம்ர் விளக்கினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு நிகழ்ச்சி உள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட, எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை ஏது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். நபியவர்கள் இதைக் கேட்டபோது, அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்றார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. மதரஸாவில் தயம்மும் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இந்த ஹதீஸை இரண்டு முறை படிக்கச் செய்கிறோம்.

ஏனெனில் நம் ஊர்களின் நிலை அப்படி. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். முன்பு இளைஞர்கள் மட்டும் சென்றார்கள். இப்போது சர்க்கரை நோயும் மூச்சிரைப்பும் மூட்டுவலியும் உள்ள தாய் தந்தையரையும் அழைத்துக்கொள்கிறார்கள். துபாயின் ஜூலை மாதத்தில் வெளியே கால் வைக்க முடியாது, உள்ளே குளிரூட்டிக்கு உடல் பழகாது. லண்டனில் ரமலான் கோடையில் வந்தால் நோன்பு பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் வந்தால் நோன்பு குறுகும், உளூவின் தண்ணீர் எலும்பைத் தொடும். அப்போது வீட்டில் எழும் கேள்விகள் நமக்குத் தொலைபேசியில் வருகின்றன. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், அவருடைய மகனோ மருமகளோதான். அத்தாவுக்கு மருத்துவர் நோன்பு வேண்டாம் என்கிறார், அவரோ பிடிவாதமாக இருக்கிறார் என்பார்கள். சில வீடுகளில் தலைகீழாகவும் உண்டு. நோயாளி சலுகையை ஏற்க விரும்பினாலும், உங்கள் வயதில் இன்னார் எல்லா நோன்பும் பிடிக்கிறாரே என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டேயிருப்பார்கள். கல்லடி பட்டவரின் ஹதீஸைத்தான் அவர்களுக்கு நாம் சொல்கிறோம். தெளிவான மருத்துவ ஆலோசனை இருக்கும் இடத்தில் சலுகையை மறுப்பது பேணுதல் ஆகாது.

இனி பஸராவுக்கு வருவோம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியில் எழுந்த படைநகரம் அது. கூஃபாவுக்குக் கிடைத்த நிலம் பஸராவுக்குக் கிடைக்கவில்லை. ஒருபுறம் பாலைவனம், மறுபுறம் உவர்நீர். நிலம் உப்புப் பூத்து ஈரம் கசியும். கோடையில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து வருத்தும். அஹ்னஃப் இப்னு கைஸ் கலீஃபாவிடம் சென்று, எங்களில் பலவீனமானவரும் நல்ல நீருக்காக நெடுந்தூரம் நடக்கிறார், பெண் நீரெடுக்கப் போகும்போது ஆட்டைக் கட்டுவது போலக் குழந்தையைக் கட்டிவிட்டுப் போகிறாள் என்று முறையிட்டார். பஸராவுக்குக் கால்வாய் வெட்டிக் கொடுக்கும்படி அபூமூஸா (ரலி) அவர்களுக்கு உமர் (ரலி) எழுதினார்கள்.

அந்த ஊருக்குத்தான் மார்க்கம் கற்பிப்பதற்காக இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். குஸாஆ கோத்திரத்தவர். கைபர் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவியவர். மக்கா வெற்றியின்போது தம் கோத்திரத்தின் கொடியை ஏந்தியவர். அவர்களுக்கு மூலநோய் இருந்தது. தொழுகையைப் பற்றி நபியவர்களிடம் கேட்டபோது கிடைத்த விடைதான் இன்று ஒவ்வொரு மத்ஹபின் சட்ட நூலிலும் நோயாளியின் தொழுகைக்கு அடிப்படை: நின்று தொழு, இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்து. மேலே நாம் விட்டுவந்த மறுபாதி இதுவே. நம் பள்ளிவாசல்களில் நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவர்கள் இவருடைய கேள்விக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். தம் உடலின் மறைவான ஒரு நோயை வெட்கப்பட்டு மறைத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

நோய் அவர்களுடன் பஸராவுக்கு வந்தது. வயிற்று நோயும் சேர்ந்துகொண்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது என்று இப்னு ஸஅத் பதிவு செய்திருக்கிறார். சிறிது காலம் காழியாகவும் இருந்தார்கள். மற்றபடி மக்கள் அவர்களைத் தேடி வந்து கற்றார்கள். பஸராவுக்கு வந்தவர்களில் இம்ரானை விடச் சிறந்தவர் எவருமில்லை என்று ஹஸன் பஸரீ (ரஹ்) சத்தியமிட்டுக் கூறுவார்கள். அதே ஊரில் வாழ்ந்த அனஸ் (ரலி) அவர்களோ, மிக முதிர்ந்து நோன்பு நோற்க முடியாமல் போன பின், ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் உண்ணக் கொடுத்துவிட்டு நோன்பை விட்டார்கள். எவரும் குறை கூறியதாக நாம் படித்ததில்லை.

இம்ரானைக் காண மாணவர் முதர்ரிஃப் வருவார். ஒருமுறை, உங்கள் நிலையைப் பார்க்கப் பொறுக்காததால்தான் அடிக்கடி வருவதில்லை என்று கூறிவிட்டார். அப்படிச் செய்யாதீர், அல்லாஹ்வுக்கு எது மிக விருப்பமோ அதுவே எனக்கும் மிக விருப்பம் என்றார்கள் இம்ரான். நோயாளியின் வேதனையைக் காணச் சகிக்கவில்லை என்று சொல்லி வராமலிருக்கும் உறவினருக்கு அவர்கள் தந்த பதிலாகவே இதை நாம் வாசிக்கிறோம். தனிமை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

மருத்துவத்தில் ஒரு தயக்கம் அவர்களுக்கு இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிட்டுக்கொள்வதை நபியவர்கள் விரும்பியதில்லை என்பதை அறிந்து நெடுங்காலம் மறுத்துவந்தார்கள். வலி மிகவே, இறுதி ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டார்கள். பயன் கிட்டவில்லை. மருந்தை ஏற்கவே கூடாது என்பதற்கு இதை ஆதாரமாக்குவது தவறு. மருத்துவம் செய்யுங்கள் என்ற நபிமொழி தெளிவாக உள்ளது. சூடிடும் அந்த ஒரு முறையைப் பற்றியதே அவர்களின் தயக்கம்.

மரணப் படுக்கையில் முதர்ரிஃபை அழைத்தனுப்பி, ஒரு செய்தியை ஒப்படைத்தார்கள். தமக்கு வானவர்களின் ஸலாம் கேட்டுவந்தது என்றும், சூடிட்டுக்கொண்டபோது அது நின்றுபோயிற்று என்றும், அதைக் கைவிட்ட பின் திரும்பி வந்தது என்றும் கூறினார்கள். நான் பிழைத்துக்கொண்டால் இதை யாரிடமும் சொல்லாதீர், இறந்துவிட்டால் விரும்பினால் சொல்லும் என்றார்கள். ஹிஜ்ரி 52இல் பஸராவிலேயே இம்ரான் (ரலி) வஃபாத்தானார்கள். முதர்ரிஃப் அதன் பிறகே அச்செய்தியை மக்களுக்குச் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் ஹஜ்ஜின் பகுதியில் அது இருக்கிறது.